கூட்டுவதற்கு எதற்குப் பயிற்சி?

காந்தல் முக்கோணத்தில் விடியற்காலைக் குளிரில் வேலைக்குக் கிளம்பி நிற்கும் தூய்மைப் பணியாளர்களிடம் நாங்கள் கேட்டோம்: "வேலையில் சேர்ந்தபோது என்ன பயிற்சி கொடுத்தாங்க?" ஓர் அக்கா சிரித்துவிட்டார். "கூட்டுறதுக்கு எதுக்குப்பா பயிற்சி? எங்கம்மா கூட்டினாங்க, நான் கூட்டுறேன்."

தோழர்களே, அந்தச் சிரிப்பில் இருப்பது சாதி. 'பிறப்பிலேயே தெரிந்த வேலை' என்று முதலாளி நினைப்பதால்தான் பயிற்சிக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கப்படுவதில்லை. பயிற்சி இல்லாததால் அடுத்த நிலைக்குப் போக முடிவதில்லை. தாயின் துடைப்பம் மகளின் கைக்கு வருகிறது.

அண்ணல் அம்பேத்கர் இதை 1938 பிப்ரவரியில் மன்மாட் ரயில்வே தொழிலாளர் மாநாட்டிலேயே பேசிவிட்டார். ரயில்வேயில் தலித் தொழிலாளி கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே ஓய்வு பெறுகிறார். பம்பாய் ஆலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவுக்குள் அவரை விடுவதில்லை என்று சுட்டிக்காட்டினார். இன்று தூய்மைப் பணிக்கும் பேட்டரி வண்டியும் கழிவுநீர் உறிஞ்சும் இயந்திரமும் வந்துவிட்டன. ஆனால் இருபது வருடம் கூட்டியவருக்கு ஓட்டுநர் உரிமம் எடுக்கச் செலவு செய்த ஒப்பந்ததாரர் ஒருவரைக்கூட நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? குப்பை சேகரிப்பவர்களுக்குப் பயிற்சி தருவதை உள்ளாட்சி அமைப்பின் கடமையாக வைத்தன 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள். சீருடை, கையுறை, முகக்கவசம், தகுந்த காலணி, மழைக்கோட்டு எல்லாம் அதே பட்டியலில் இருந்தன. நீலகிரி மழையில் கிழிந்த சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குப்பை அள்ளுகிறவருக்கு மழைக்கோட்டு யாருடைய தயவும் அல்ல, உரிமை.

அந்த அக்காவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒப்பந்தம் கைமாறும்போதெல்லாம் அவரைப் புதிதாகச் சேர்ந்தவராக எழுதிக்கொள்கிறார்கள். சம்பளத்தில் பி.எஃப் பிடிக்கிறார்கள்; எந்தக் கணக்கில் போகிறது என்று அவருக்குத் தெரியாது. தொழிலாளியிடம் 12 சதவீதம் பிடித்தால் முதலாளியும் அதே அளவு கட்ட வேண்டும். யூஏஎன் எண் வாழ்நாள் முழுக்க ஒன்றுதான், ஒப்பந்ததாரர் மாறினாலும் மாறாது. ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு.

பயிற்சியும் பி.எஃப்பும் வேறு வேறு பிரச்சனை இல்லை என்று நாங்கள் சொல்வது இதனால்தான். ஒவ்வொரு டெண்டரிலும் 'நேற்று சேர்ந்தவர்' ஆக்கப்படுகிறவருக்கு அனுபவம் கணக்கில் வராது. அனுபவம் இல்லாதவருக்குப் பணிக்கொடையும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்ததும், நள்ளிரவில் கைதானதும், தங்கள் மண்டலங்களின் பணியைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான்.

"நம்ம பிள்ளைகளே இந்த வேலைக்கு வரக் கூடாது, அப்புறம் எதுக்குப் பயிற்சி?" என்று கல்லூரித் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். வரக் கூடாது என்பதுதான் எங்கள் கருத்தும். ஆனால் இன்று அந்த வேலையில் இருக்கும் அம்மாவுக்கு இன்னும் பதினைந்து வருடம் பாக்கி இருக்கிறதே? பிள்ளைக்குப் பட்டம் வெளியேறும் வழி என்றால், அம்மாவுக்கு உரிமமும் இயந்திரப் பயிற்சியும்தான் வழி. நாம் படித்துத் தப்பித்துவிட்டு, அவர்களைத் துடைப்பத்தோடு விட்டுவிட முடியாது.

இந்த வாரம் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். அம்மாவின் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். யூஏஎன் எண்ணைப் போட்டு பாஸ்புக்கைப் பாருங்கள். பயிற்சிக்கும் பாதுகாப்புக் கருவிகளுக்கும் சென்ற ஆண்டு எவ்வளவு செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் உள்ளாட்சி அமைப்பிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் காந்தலுக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

ஜெய் பீம்!