கக்குவானுக்குக் கழுதைப் பாலா?

"கொள்... கொள்..." என்று குழந்தை விடாமல் இருமுகிறது. மூச்சு விட இடைவெளி இல்லை. முகம் சிவக்கிறது. உதடு நீலம் பாய்கிறது. கடைசியில் "ஊப்" என்று ஓர் இழுப்பு. கூடவே வாந்தி!

இதுதான் கக்குவான் இருமல். சீனாவில் இதற்கு 'நூறு நாள் இருமல்' என்றே பெயர்.

"கழுதைப் பால் ஒரு சங்கு புகட்டு, பறந்துடும்" என்று சொல்கிற பாட்டிமார்கள் இன்னமும் இருக்கிறார்கள். பறக்காது! இது கிருமியால் வரும் நோய். அந்தக் கிருமியை விஞ்ஞானிகள் 1906-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

தாத்தாவின் இருமல்

ஆரம்பத்தில் வெறும் ஜலதோஷம் போலத்தான் இருக்கும். அப்போதே மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும். அக்கரைப்பேட்டையில் விசைப்படகுக்குப் போகிறவரோ, நாகை கடைத்தெருவில் கல்லாவில் உட்காருகிறவரோ, "சாதா இருமல்தானே" என்று வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கொஞ்சுவார். பெரியவருக்குத் தொல்லை, தொட்டில் பிள்ளைக்கோ எமன்! பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அந்த இழுப்புச் சத்தம்கூட வராமல் போகலாம். மூச்சே நின்றுவிடலாம்.

ஊசி இருக்கிறதே!

பிறந்த 6, 10, 14-வது வாரங்களில் மூன்று ஊசி. பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, 5 வயதுக்கு மேல் ஒன்று. எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கக்குவானோடு மேலும் நான்கு நோய்களைத் தடுக்கும் ஐந்து நோய் தடுப்பூசி, 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான்.

கோளாறு எங்கே வருகிறது? முதல் ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல். தொடையில் வீக்கம். "போதும்மா, புள்ள துடிச்சுப் போச்சு" என்று அடுத்த தவணைக்குப் போவதில்லை. நடவு நாளில் கூலி போகிறதே என்ற கவலை வேறு!

பயத்தின் விலை என்ன என்பதை ஜப்பான் காட்டியது. ஊசி போட்ட பின் இரண்டு குழந்தைகள் இறந்ததால் 1975-ல் ஊசியை நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியும் பெற்றோர் ஒதுங்கினார்கள். 1974-ல் 393 பேருக்கு வந்த கக்குவான், 1979-ல் சுமார் 13,000 பேரைப் பிடித்தது. 41 பேர் பலி!

ஊசிக் காய்ச்சல் ஓரிரு நாளில் தணியும். நர்ஸம்மா சொன்ன அளவில் மருந்து கொடுத்தால் போதும். வலிப்பு மாதிரி ஏதாவது வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பெற்றோர்களே, ஒரு நாள் கூலியைப் பார்த்துத் தவணையை விட்டுவிடாதீர்கள்! பெரியவர்களே, இருமல் இருந்தால் தொட்டில் பக்கம் போகாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்! ஆரம்பத்திலேயே மருந்து சாப்பிட்டால் மற்றவருக்குப் பரவாது.

கழுதைப் பாலுக்குக் கொடுக்கும் காசு மிச்சம். பிள்ளையின் மூச்சும் மிச்சம்!