கட்டடமா குற்றவாளி?

செய்யாத குற்றத்திற்காகத் தூக்குமேடை ஏறியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு குடியிருப்புக்கும் அக்கதி நேர்ந்தது என்பதே எங்கள் கருத்து.

புனித லூயி மன்னரின் பெயரைத் தாங்கிய அமெரிக்க நகரம் செயின்ட் லூயிஸ். அங்கே 1950-களின் நடுவில், குடிசைகளை அகற்றிவிட்டு ஏழைகளுக்காக 33 கட்டடங்களை எழுப்பினார்கள். ஒவ்வொன்றும் 11 மாடி; மொத்தம் 2,870 வீடுகள். பெயர் புரூயிட்-ஐகோ. வரைபடம் தந்தவர் மினோரு யமசாக்கி. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களையும் பின்னாளில் வரைந்தவர் இவரே. ஒண்டிக் குடித்தனத்திலிருந்து வந்த தாய்மாருக்குத் தனிச் சமையலறையும் குழாய்த் தண்ணீரும் உள்ள வீடு மாளிகையாகவே தோன்றியது.

இருபது ஆண்டுகூட ஆகவில்லை. 1972 மார்ச் 16 அன்று முதல் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1976-க்குள் எல்லாம் தரைமட்டம். நவீனக் கட்டடக்கலையே இந்த இடிப்போடு செத்தது என்று 1977-இல் எழுதினார் சார்லஸ் ஜெங்க்ஸ். வேறு சிலர், பெரும்பாலும் கறுப்பின ஏழைகளான குடியிருப்போர்மீதே பழி போட்டனர். பழி சுமக்க ஏழையின் முதுகுதானே எப்போதும் கிடைக்கிறது!

கட்டடத்தில் குறையே இல்லை என்று நாங்கள் வாதாடவில்லை. மின்தூக்கி மூன்று மாடிக்கு ஒருமுறைதான் நின்றது. (கைக்குழந்தையும் காய்கறிப் பையுமாக வரும் தாயை எவரும் நினைக்கவில்லை போலும்.) ஆனால் நோய் வேறிடத்தில் இருந்தது. கட்டுவதற்கு மைய அரசு பணம் தந்தது. பராமரிப்புச் செலவோ குடியிருப்போரின் வாடகையிலிருந்தே வரவேண்டும். மக்கள் நகரைவிட்டு வெளியேற, வீடுகள் காலியாயின. வாடகை வரவு சுருங்கியது. உடைந்த சன்னல்கள் உடைந்தபடியே கிடந்தன. இருந்தவர்களிடம் வாடகையை உயர்த்தினார்கள்.

இதனினும் கொடியது ஒரு விதி. தாய்க்கும் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை வேண்டுமானால், உடல் வலிவுள்ள தந்தை அவ்வீட்டில் வாழலாகாது! குடும்பத்தைப் புனிதமெனப் போற்றும் நமக்கு இதைப் படிக்கையில் நெஞ்சு சுடுகிறது. தந்தையை வெளியேற்றிவிட்டு, பிள்ளைகள் அடங்கவில்லை என்றால் யாரைக் குறைசொல்வது?

1969-இல் அந்நகரின் பொதுக் குடியிருப்புவாசிகள், பெண்களே முன்னிற்க, ஒன்பது மாதம் வாடகை கொடுக்க மறுத்துப் போராடி வென்றனர். வாடகை வருமானத்தில் கால் பங்கைத் தாண்டலாகாது என்ற நாட்டுச் சட்டமும் அவ்வாண்டே வந்தது. புரூயிட்-ஐகோ அதற்குள் மீளமுடியாத நிலைக்குப் போயிருந்தது. இடித்த நிலத்தின் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் மரமும் புதரும் மண்டி வெறுமையாய்க் கிடந்தது.