கோடையும் முதிய நெசவாளரும்

சித்திரை பிறந்ததும், மோர் பருகுங்கள், நிழலில் இருங்கள் என்று முதியோருக்கு அறிவுரை கூறுவது வழக்கம். அறிவுரை நன்றே. ஆயினும் அது மட்டும் போதுமா என்று கூட்டுறவாளர்களாகிய நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதுமையில் தாகவுணர்ச்சி குறைகிறது; வியர்வையும் முன்போல் சுரப்பதில்லை. இரத்த அழுத்தத்திற்கு உட்கொள்ளும் சில மருந்துகள் உடலின் நீரை மேலும் குறைக்கின்றன. ஆதலின் தாகம் எடுக்கட்டும் என்றிருக்கும் முதியவர் காலங்கடந்தே நீர் அருந்துகிறார். 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சு நாட்டில் வெப்ப அலையால் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் முதியோரே.

ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் நாம் காண்பது யாது? வறண்ட காற்றில் பாவு இழை அறுமாதலால், நெசவாளர் சன்னலை அடைத்து மின்விசிறியையும் நிறுத்திவிடுகின்றனர். கல்நார்க் கூரையின் கீழ், அறுபதைக் கடந்தவர் குழித்தறியில் மிதிக்கிறார். அருகே மூதாட்டி தார் சுற்றுகிறார். குறித்த நாளில் சேலை சங்கத்திற்கு வந்து சேராவிடில் கூலி தள்ளிப்போகும். நண்பகலில் அவரைத் தறியில் அமர்த்துவது சங்கம் விதித்த கெடுவே.

பாவுக்குக் கஞ்சியிடும் வேலையை விடியற்காலையிலேயே வீதியில் முடிப்பது நம் முன்னோர் வழக்கம். வெயிலறிந்து வேலையை வகுத்த அவ்வறிவை நிர்வாகக் குழுவினரும் கைக்கொள்ளலாம். அக்கினி நட்சத்திர நாட்களில், அறுபது கடந்த அங்கத்தினர்க்குத் துணி ஒப்படைக்கும் தவணையை ஒரு வாரமேனும் நீட்டுக. நூல் வழங்குதலையும் கூலிப் பட்டுவாடாவையும் காலை 9 மணிக்குள் முடித்திடுக. கூரைக்கு வெண்சுண்ணாம்பு பூசச் சிறு முன்பணம் தருக. விளைபொருள் சங்கத்தார் எடைமேடையருகே பந்தலிட்டுத் தண்ணீர்ப் பானை வைத்து, முதிய குடியானவரை வரிசையில் நிறுத்தாது முதலில் அனுப்புக. தனித்து வாழும் முதியோரைத் தெருவுக்கொருவர் நாள்தோறும் சென்று கண்டு வருக.

தவணையை நீட்டினால் விற்பனை கெடும் என்பர் சிலர். பங்குனியிலேயே நூலை முன்கூட்டி வழங்கின் அவ்விடர் நீங்கும்.

பேச்சுக் குழறி, உடல் அனலாய்க் கொதிப்பின், உடனே 108-க்குச் சொல்லியனுப்பி, நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறுதல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணமும் வகுத்தது. இறந்தபின் வரும் அத்தொகையினும், இருக்கும்போது தரும் ஒரு வாரத் தவணை சிறந்ததன்றோ?