வாங்குபவர் அறக்கட்டளை என்றால் ஜிஎஸ்டி இல்லையா? சிறு வணிகர்களைச் சிக்கவைக்கும் குழப்பம்

நிதியாண்டு முடிவடையும் மார்ச் மாதத்தில் பள்ளிகள், மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள், அரசுத் துறைகள் ஆகியவற்றின் கொள்முதல் வேகமெடுப்பது வழக்கம். ஒதுக்கப்பட்ட நிதியைச் செலவிட்டுக் கணக்கை முடிக்க வேண்டிய அவசரம் அது. இந்த அவசரத்தில் சில கொள்முதல் ஆணைகளுடன் வருமான வரித் துறை வழங்கிய பதிவுச் சான்றிதழின் நகலும் இணைக்கப்பட்டு வருகிறது. 'எங்கள் அறக்கட்டளைக்கு வரிவிலக்கு உள்ளது, ஜிஎஸ்டி சேர்க்காமல் பில் அனுப்பவும்' என்ற குறிப்பும் உடன் இருக்கும். பெரிய ஆர்டரை இழக்க விரும்பாத சிறு வணிகர் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். சிக்கல் தொடங்கும் இடம் அதுதான்.

அந்தச் சான்றிதழ் பொய்யானதன்று. ஆனால் அது சொல்லும் செய்தி வேறு. வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 12ஏஏ, 12ஏபி பிரிவுகளின் கீழ் பெறப்படும் பதிவு, அந்த அறக்கட்டளை ஈட்டும் வருமானத்துக்கு நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கிறது. 80ஜி சான்றிதழ், அதற்கு நன்கொடை வழங்குவோருக்கு வரிக் கழிவு தருகிறது. அறக்கட்டளை கடையில் வாங்கும் பொருள் மீதான வரியைப் பற்றி இவை இரண்டும் எதுவும் பேசவில்லை. ஜிஎஸ்டி என்பது 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தனிச் சட்டம். அதில் வரியை வசூலித்து அரசுக்குச் செலுத்தும் பொறுப்பு, சில இனங்கள் தவிர்த்து, விற்பவரையே சாரும்.

குழப்பத்துக்கு ஜிஎஸ்டி அறிவிக்கையும் ஒரு வகையில் காரணம். 2017 ஜூன் 28 தேதியிட்ட 12/2017 எண் அறிவிக்கையின் முதல் இனமே அறக்கட்டளைகளைப் பற்றியது. வருமான வரிச் சட்டத்தின்படி பதிவு பெற்ற அமைப்பு, அறப்பணியாக வழங்கும் சேவைகளுக்கு விலக்கு உண்டு என்று அது கூறுகிறது. அறக்கட்டளை 'வழங்கும்' சேவைக்கு விலக்கு என்பதை, அறக்கட்டளைக்கு 'வழங்கப்படும்' அனைத்துக்கும் விலக்கு என்று படித்துவிடுகின்றனர். அந்த இனமும் சேவைகளைத்தான் குறிப்பிடுகிறது, பொருட்களை அன்று.

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க வழிகாட்டுதல்களும் சிலரைத் திசைதிருப்புகின்றன. அங்கு பல மாநிலங்களில், தகுதியுள்ள அமைப்பு விலக்குச் சான்றிதழைக் கொடுத்தால் விற்பவர் விற்பனை வரியைத் தவிர்க்கலாம். அங்கும்கூட மத்திய அரசின் வருமான வரி விலக்கு மட்டும் இருந்தால் போதாது, மாநிலத்தின் விதிப்படி தனித் தகுதி வேண்டும். இந்தியாவிலோ பொதுவான அறக்கட்டளைக் கொள்முதலுக்கு அப்படியொரு சான்றிதழ் முறையே கிடையாது.

பாதிப்பு எவ்வளவு என்பதை ஒரு கணக்கு காட்டும். ஓர் அறக்கட்டளைப் பள்ளிக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் கணினிகள் விற்கப்பட்டதாகக் கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி 90,000 ரூபாய். அது பில்லில் சேர்க்கப்படவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தணிக்கையில் இது வெளிப்பட்டால், ஆண்டுக்கு 18 சதவீத வட்டியாக 32,400 ரூபாய் சேர்ந்து 1,22,400 ரூபாயாகிறது. அபராதம் தனி. பெற்ற தொகையிலேயே வரி அடங்கியிருப்பதாக ஏற்கப்பட்டாலும் வரி மட்டும் சுமார் 76,270 ரூபாய். அந்த வணிகருக்கு 8 சதவீத லாபம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும் அது 40,000 ரூபாய்தான். விடுபட்ட வரியைப் பற்றுச் சீட்டு மூலம் பின்னர் கோரச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் கணக்கை முடித்து நன்கொடையாளருக்கு அறிக்கையும் அனுப்பிவிட்ட அமைப்பு, இரண்டு ஆண்டு கழித்து வரும் சீட்டுக்குப் பணம் தருமா என்பது வேறு கேள்வி.

'அவர்கள் சான்றிதழ் கொடுத்தார்கள், நான் நம்பினேன்' என்ற வாதம் பெரிதாகக் கைகொடுக்காது. சுங்கத் துறைக்கும் திலீப் குமார் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தெளிவான நிலைப்பாட்டை எடுத்தது. விலக்கு அறிவிக்கைகளுக்குக் கண்டிப்பான பொருளே கொள்ள வேண்டும், விலக்கு தமக்குப் பொருந்தும் என்று நிரூபிக்கும் சுமை அதைக் கோருபவருடையது, ஐயம் எழுந்தால் அதன் பலன் அரசுக்கே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதற்காக, வாங்குபவர் யார் என்பது ஒருபோதும் பொருட்டல்ல என்று முடிவுகட்டுவதும் தவறு. சில இனங்களில் அது முக்கியமாகிறது, அங்குதான் நுணுக்கமும் அதிகம். மழலையர் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரையிலான கல்வி நிறுவனங்களுக்கு வழங்கப்படும் மாணவர் போக்குவரத்து, உணவு வழங்கல், பள்ளி வளாகத்துக்குள் செய்யப்படும் காவல் மற்றும் துப்புரவுச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. அதே ஒப்பந்ததாரர் அதே பணியாளர்களைத் தெருவுக்கு எதிரே உள்ள கல்லூரிக்கு அனுப்பினால் விலக்கு இல்லை. நிர்வாகம் ஒரே அறக்கட்டளையாக இருந்தாலும் நிலை இதுதான். தேர்வு, மாணவர் சேர்க்கை தொடர்பான சேவைகளுக்கு மட்டும் கல்லூரிகளுக்கும் விலக்கு பொருந்துகிறது. மேசை, நாற்காலி, கணினி போன்ற பொருட்களுக்குப் பள்ளி என்பதால் சலுகை ஏதும் இல்லை.

நோட்டுப் புத்தகத்துக்கு இப்போது வரி இல்லை என்பது உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த வரி மாற்றத்தின் பலன் அது. அதைப் பள்ளி வாங்கினாலும் தனிநபர் வாங்கினாலும் வரி இல்லை. அரிசியும் அப்படித்தான். 25 கிலோ வரை பொதி செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி உண்டு, அதற்கு மேல் எடையுள்ள ஒற்றை மூட்டைக்கு இல்லை. அன்னதானக் கூடத்துக்கு அரிசி விற்பவர் பார்க்க வேண்டியது மூட்டையின் எடையை!

அரசு அமைப்புகளுக்கான விதி இன்னும் வழுக்கலானது. ஊராட்சி, நகராட்சிகளுக்கு அரசியல் சாசனம் ஒப்படைத்த பணிகள் தொடர்பாக மத்திய, மாநில அரசுகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் வழங்கப்படும், பொருள் கலவாத சேவைகளுக்கு விலக்கு உண்டு. நகராட்சிக்குத் துப்புரவுப் பணியாளர்களை அளிப்பது இதில் அடங்கும், குப்பைத் தொட்டி விற்பது அடங்காது. அரசு சார்ந்த வாரியங்கள், அமைப்புகளுக்கும் முதலில் இந்த விலக்கு இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் அது நீக்கப்பட்டது. 2023 அக்டோபரில் குடிநீர் வழங்கல், பொதுச் சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை, குடிசைப் பகுதி மேம்பாடு ஆகியவற்றுக்கு மட்டும், அரசு அதிகார அமைப்புகளைப் பொறுத்தவரை, மீண்டும் வழங்கப்பட்டது. இத்தனை மாற்றங்களையும் ஒரு சிறு ஒப்பந்ததாரர் தேதிவாரியாகப் பின்தொடர வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையே. ஆனால் சட்டம் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

ஆய்வக உபகரணங்கள் விற்போர் இதை அனுபவித்தவர்கள். பொது நிதியில் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு, உரிய சான்றிதழின் பேரில், அறிவியல் கருவிகளை 5 சதவீத வரியில் விற்க 2017 நவம்பரில் சலுகை தரப்பட்டது. சண்டீகரில் நடைபெற்ற 47-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு 2022 ஜூலை 18 முதல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. பழைய சான்றிதழைக் கோப்பில் வைத்துக்கொண்டு பழைய விகிதத்திலேயே பில் போட்டவருக்கு, வித்தியாசத் தொகை முழுவதும் தன் கைப்பொறுப்பு.

தூதரகங்கள், ஐக்கிய நாடுகள் முகமைகள் ஆகியவற்றுக்கான ஏற்பாடு வேறு விதமானது. அவற்றுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கப்படுகிறது. விற்பவர் அந்த எண்ணைப் பில்லில் குறிப்பிட்டு, மற்றவர்களுக்குப் போலவே வரியைச் சேர்க்க வேண்டும். செலுத்திய வரியை அந்த அமைப்பே அரசிடமிருந்து திரும்பப் பெறுகிறது. ராணுவ கேன்டீன் பண்டகத் துறைக்கு வரியில் பாதி திரும்பக் கிடைக்கிறது. சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் அங்கீகரிக்கப்பட்ட செயல்பாடுகளுக்கு விற்பது பூஜ்ஜிய வரி விற்பனை. அங்கு உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்திருந்தால் வரியின்றி அனுப்பலாம், உள்ளீட்டு வரி வரவையும் இழக்க வேண்டியதில்லை. சாதாரண விலக்குக்கு அந்த வசதி இல்லை. விலக்கு பெற்ற சேவையை வழங்குபவர், அதற்குரிய அளவு உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிவிட வேண்டும். விலக்கு உண்மையாகவே பொருந்தும்போதும் விலையைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

மறுபக்கத்தில் அறக்கட்டளைகளின் மனக்குறையிலும் நியாயம் இருக்கிறது. வணிக நிறுவனம் தான் செலுத்தும் ஜிஎஸ்டியை வரவாகப் பயன்படுத்திக்கொள்கிறது. இலவச மருத்துவமனையோ பள்ளியோ விலக்கு பெற்ற சேவையை வழங்குவதால் அந்த வரவைப் பெற முடிவதில்லை. வாங்கும் ஒவ்வொரு பொருளின் மீதான வரியும் அவற்றுக்குச் செலவாகவே நின்றுவிடுகிறது. பொற்கோயில் உள்ளிட்ட குருத்வாராக்களின் லங்கர் உணவுக்கான பொருட்கள் மீது வரி ஏறியபோது பஞ்சாபில் எழுந்த எதிர்ப்பு இதிலிருந்து பிறந்ததே. அதற்கு மத்திய அரசு கண்ட தீர்வு, 2018-இல் கலாசார அமைச்சகம் தொடங்கிய சேவா போஜ் திட்டம். நெய், சமையல் எண்ணெய், சர்க்கரை, அரிசி, மாவு, பருப்பு போன்ற குறிப்பிட்ட பொருட்களுக்குச் செலுத்திய மத்திய ஜிஎஸ்டியையும், ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியில் மத்திய அரசின் பங்கையும், மாதம் குறைந்தது 5,000 பேருக்கு இலவச உணவு வழங்கும் கோயில், குருத்வாரா, மசூதி, தேவாலயம் போன்றவற்றுக்குத் திருப்பித் தருவது அதன் வடிவம். இங்கும் மளிகை வணிகர் வரியுடன்தான் பில் போட வேண்டும். நிவாரணம் பின்னர் அரசிடமிருந்து வருகிறது. சலுகை தர அரசு விரும்பினால் இதுவே பொருத்தமான முறை. தகுதியைச் சரிபார்க்கும் வேலை அரசிடமே இருக்கிறது, கடைக்காரரின் தலையில் விழுவதில்லை. ஆனால் மருந்து, படுக்கை, கணினி வாங்கும் தொண்டு நிறுவனங்களை இத்திட்டம் தொடுவதில்லை.

வணிகரைப் பொறுத்தவரை, 'வரி நீங்கலாக, பொருந்தும் ஜிஎஸ்டி தனி' என்று விலைப்புள்ளியிலேயே எழுதிவிடுவது பெரும் பாதுகாப்பு. விலக்கு கோரும் அமைப்பிடம், எந்த ஜிஎஸ்டி அறிவிக்கை, எந்த இனம், எந்தத் தேதி முதல் என்பதை எழுத்துமூலம் கேட்கலாம். பதிலாக வருமான வரிச் சான்றிதழ் மட்டுமே வந்தால், விடை கிடைத்துவிட்டது எனலாம். அரசுத் துறை ஒப்பந்தங்களில் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேல் பிடிக்கப்படும் 2 சதவீதத்தையும் வரி தீர்ந்ததாகக் கருதக் கூடாது. அது வணிகரின் மின்னணு ரொக்கப் பேரேட்டில் வரவு வைக்கப்படும் தொகை மட்டுமே.

2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டம், அறக்கட்டளைகளுக்கான பிரிவு எண்களை மாற்றியிருக்கிறது. பழகிய 12ஏபி-க்குப் பதிலாகப் புதிய எண்களுடன் கூடிய கடிதங்கள் இனி வணிகர்களின் மேசைக்கு வரக்கூடும். அவையும் வருமான வரி தொடர்பானவையே.