வெறுமையான இடம்

எங்கள் ஊர் இசைக்குழுவில் நான் ஹார்மோனியம் வாசித்தவன். எவருமே தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். கோயில் திருவிழாவும் வாசிகசாலை ஆண்டுவிழாவுமே எங்கள் மேடைகள். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், ஒருவர் சைக்கிள் மிதிக்க, டைனமோவில் ஓடிய ஒலிநாடாவைக் கேட்டுப் பாடல்களைப் பழகினோம்.

ஆண்டுதோறும் முகங்கள் மாறின. தபேலாக்காரர் கனடா சென்றார். கிற்றார் வாசித்தவர் கொழும்பு சென்றார். ஆயினும் குழு நிற்கவில்லை. புறப்படுபவர் தம் இடத்துக்கு ஒருவரைப் பழக்கிவிட்டே போவார். அது எங்களிடையே எழுதாத விதி.

அதை மீறியவன் நான். 1994இல் பத்திரிகை வேலைக்காகக் காத்திருந்தேன். பயண அனுமதி கிடைத்த மறுநாளே புறப்பட்டுவிட்டேன். என்னிடம் ஹார்மோனியம் பழகிக்கொண்டிருந்த சிறுவனிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வே குழுவைக் கலைத்தது என்று நெடுங்காலம் சொல்லிவந்தேன். உண்மை வேறு. அதற்கு முந்திய திருவிழாவிலேயே, ஹார்மோனியத்துக்கு ஆளின்றிக் குழு மேடையேறவில்லை.

இன்று புலம்பெயர்ந்த நகரங்களிலும் இத்தகைய குழுக்கள் உள்ளன. ஆட்கள் போவதால் அவை அழிவதில்லை. பழக்காமல் போவதால்தான் அழிகின்றன. விலக எண்ணுபவர் விலகட்டும். ஒருவரைப் பழக்கிவிட்டு விலகட்டும்.