வெயில் களிம்பும் நமது கடமையும்

மதுரை மக்களுக்குச் சித்திரை வெயில் புதிதன்று. அவ்வெயிலைத் தடுப்பதாகக் கூறிக் கடைகளில் வந்திருக்கும் சன்ஸ்கிரீன் என்னும் களிம்புதான் புதிது. அதை வாங்குவோர் பலர். அதில் கலந்திருப்பது யாதென்று விசாரிப்போர் எத்தனை பேர்?

கடும் வெயில் சருமத்துக்குக் கெடுதி என்பதும், நல்ல களிம்பு அதைக் குறைக்கும் என்பதும் உண்மையே. களிம்பே கூடாதென்பது நமது கட்சியன்று. எல்லாக் களிம்பும் ஒன்றேயென்று ஜனங்கள் நம்பும்படி விடுவதையே நாம் ஆட்சேபிக்கிறோம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தார் 2019ல் இத்தகைய 16 சரக்குகளைப் பரிசீலித்தனர். துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு ஆகிய இரண்டையே அபாயமற்றவையாகக் கொள்ளலாமென்றும், வேறு இரண்டு தகாதவையென்றும், ஆக்ஸிபென்ஸோன் உள்ளிட்ட மீதி 12க்கும் போதிய அத்தாட்சியில்லையென்றும் யோசனை வெளியிட்டனர். 2019லும் 2020லும் வெளியான அவர்களுடைய பரீட்சைகளில், இவற்றுட் சில தோலின் வழியே ரத்தத்திற் கலப்பது தெரிய வந்தது. கலந்ததனாலேயே தீங்கு நிச்சயமென்பது அவசரம். தீங்கே இல்லையென்று சாதிப்பதும் அவ்வாறே.

தோலிற் பூசியது குளிக்கும்போது நீரோடு போகிறது. ஆக்ஸிபென்ஸோன் இளம் பவள உயிர்களைக் கெடுப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டதன் பேரில், ஹவாய் 2018ல் சட்டமியற்றி, அதுவும் ஆக்டினாக்ஸேட்டும் கலந்த களிம்புகளின் விற்பனையை 2021 ஜனவரி 1 முதல் தடுத்தது. பலாவு தீவினர் அதற்கு ஓராண்டு முன்னரே தடை விதித்தனர். நமக்கும் பவளச் செல்வமுண்டு. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986ல் தேசியப் பூங்காவாயின. 2010லும் 2016லும் அங்கே பவளங்கள் வெளுத்தன. கடல் சூடேறியதே அதற்குக் காரணம். அப்பழியைக் களிம்பின் மேல் சுமத்துவது நியாயமன்று. ஆயினும், நோயில் கிடப்பவனுக்குச் சந்தேகமான பண்டத்தை ஊட்டுவார் உண்டோ?

அமெரிக்காவில் இக்களிம்பு மருந்தாகப் பரிசோதிக்கப்படுகிறது. நம் நாட்டிலோ 2020ம் வருஷத்து விதிகளின்படி வெறும் அழகு சாதனமாகவே கருதப்படுகிறது. வெயிலைத் தடுக்குமென்று சொல்லி விற்கும் சரக்கை முகப்பவுடரோடு ஒரே தராசில் நிறுத்தலாகாது. ஒவ்வொரு சரக்கும் எத்தனை சதவீதம் என்பதை மேலுறையில் தமிழிலும் அச்சிடும்படி சர்க்கார் கட்டாயப்படுத்த வேண்டும். மன்னார் வளைகுடா நீரைப் பரிசோதித்து, முடிவை ஜனங்களுக்கு அறிவிக்கவும் வேண்டும்.

இனி நமது கடமை. மேலூர் வயல்களிலும் நகரத்துக் கட்டட வேலைகளிலும் நாளெல்லாம் வெயிலில் நிற்பவரை எந்தக் களிம்பு விளம்பரமும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. அவர்கள் தலைத்துண்டையும் மர நிழலையும் நம்பி வாழ்கிறார்கள். துணியும் நிழலும் ரத்தத்திற் கலப்பதில்லை, பவளத்தைக் கெடுப்பதுமில்லை. உச்சி வேளையில் அவர்களுக்கு நிழலும் ஓய்வும் கிடைக்கச் செய்வது, எந்தக் களிம்பையும்விட முந்திய தேவையென்பது நமது துணிபு.