யார் நாவில் வாழ்கிறது ழகரம்?

தமிழாசிரியப் பெருமக்களே! குமுளி மலையின் ஏலத்தோட்டங்களில் வளர்ந்து, கூடலூர்ப் பள்ளிக்கு வரும் பிள்ளை மலையாளச் சாயலில் பாடம் படித்தால் வகுப்பு நகைக்கிறது. நீங்களுமா நகைப்பது?

1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தின்பாற் போயின. கோடு மலைமேல் விழுந்தது, நாவின்மேல் விழவில்லை. 'வாழைப்பழம்' என்று அப்பிள்ளை தெளிவுறச் சொல்கிறான். மலையாளம் ழகரத்தை இன்றும் காத்து வருகிறது. நகைக்கும் நம் பிள்ளைகளோ 'வாளப்பளம்' என்கின்றனர்! திருத்தப்பட வேண்டியவர் யார்?

தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கும் இடந்தந்தார். நாமோ, ஆங்கிலத்தை வெள்ளையன்போல் ஒலித்தால் மெச்சுகிறோம். சேரநாட்டுச் சாயலை எள்ளுகிறோம். (வெட்கக்கேடு!) நாணிய பிள்ளை வாய்மூடும், பின்னர் ஆங்கில வகுப்பை நாடும்.

நாளையே அவனை எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மற்றவர் கேட்டு ழகரம் பழகட்டும்.